முதல் மடக்கு

டேங்க்காரர் எங்கள் கட்டடத்துக்கு வந்து சேர்ந்த அன்று அவர் முதுகில் பெரிய கித்தான் பை ஒன்று இருந்தது. குழாய் வேலைக்கான சாமான்கள் என்று நினைத்தோம். மூன்று மாடி ஏறி வந்து, மாடிப்படிக் கதவுக்குத் தாழ் போடும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவர் பையை இறக்கினார். ஜிப்பை இழுத்தார். உள்ளே ஆறு வயதுப் பெண் குழந்தை, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என் தங்கச்சி பொண்ணு சார். ஓரமா எங்கயாவது இருந்துக்கறோம்," என்றார்.

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் நாற்பத்திரண்டு பேர் அடைந்து கிடந்தோம். நான் அங்கே பதினோரு வருஷம் காலர் தைத்தவள். எங்கள் சூப்பர்வைசர்தான் அப்போதும் எங்களுக்குச் சூப்பர்வைசர். வேலை போய்விட்டது, அதிகாரம் போகவில்லை. புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று கண்டிப்பாக இருந்தவர், கேட்பதற்காகக் கேட்டார்: "என்ன வேலை பாத்தீங்க?"

"தண்ணி டேங்க் கழுவற வேலை. வால்வு திறக்கறது, மூடறது. இருபத்திரண்டு வருஷம்."

சூப்பர்வைசர் வழியை விட்டு நகர்ந்தார். "உள்ள வாங்க."

ஏனென்றால் எங்களைக் கொன்றுகொண்டிருந்ததே தண்ணீர்தான். எங்கிருந்து வந்தது, யார் செய்த பாவம் என்று யாருக்கும் தெரியாது. கெட்ட தண்ணீரைக் குடித்தவர்களுக்கு மூன்றாம் நாள் தாகம் எடுக்கும். குடிப்பார்கள், அடங்காது. குடம் குடமாகக் குடித்தாலும் உடம்பில் ஒட்டாது. தோல் பழைய செருப்பு மாதிரி சுருங்கும். வியர்வை நிற்கும். கண்ணில் ஈரம் இருக்காது. பிறகு எண்ணெய், பெயிண்ட், பேட்டரித் தண்ணீர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் குடிப்பார்கள். கடைசியில் மனிதர்களைத் தேடி வருவார்கள், ஏனென்றால் மனித உடம்பு முழுக்க ஈரம். ஊரில் பாதிப் பேர் அப்படி ஆகிவிட்டார்கள். மழை நின்ற காலைகளில் கீழே தெருச் சுவர்களை அவர்கள் வரிசையாக நின்று நக்கும் சத்தம் எங்கள் மூன்றாவது மாடிக்குக் கேட்கும். நாங்கள் அவர்களைத் தாகக்காரர்கள் என்றோம்.

கெட்ட தண்ணீருக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கொதிக்க வைத்தாலும் மாறாது. ஒரு மொட்டைமாடித் தொட்டி நல்லதாக இருக்கும். அடுத்த மாடியில் இருப்பது எமனாக இருக்கும். இவர் வருவதற்கு முன் எங்களில் பதினோரு பேர் அப்படித்தான் போனார்கள்.

டேங்க்காரர் குள்ளம். கொஞ்சம் தொப்பை. சத்தமாகப் பேசும் யாரிடமும் பதில் பேசி அறியாத வாயில்லாப் பூச்சி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை வீட்டின் பின்னறையில் இருந்தார். கூட வேலை செய்தவர்கள் "ஊருக்கே தண்ணி காட்டுற ஆளு" என்று அவரைக் கேலி செய்வார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு வரும்.

குழந்தையை எல்லோரும் பொடிசு என்று கூப்பிட்டோம். அவளைச் சுமந்துகொண்டு வந்த கதையை, அவருடைய கிழிந்த சட்டையை நான் தைத்துக் கொடுத்த ஒரு மதியம் சொன்னார். தங்கையும் அவள் குழந்தையும் ஒரே சொம்பில்தான் குடித்திருக்கிறார்கள். குழந்தை வாயில் வைத்ததுமே துப்பிவிட்டு, "சொரசொரன்னு இருக்கும்மா," என்றிருக்கிறாள். "தண்ணில என்னடி சொரசொரப்பு?" என்று அம்மா திட்டிவிட்டு மிச்சத்தைத் தானே குடித்துவிட்டாள். மூன்றாம் நாள் இவர் சமையலறைக்குள் போனபோது, தங்கை குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்து அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீரை நாக்கால் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பயந்து அழ அழ, அவளுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

"என்னைப் பாத்தா. அவளுக்கு அப்போ புத்தி இருந்துச்சும்மா. 'அண்ணா, இவளைத் தூக்கிட்டுப் போயிடு, என்னால நிறுத்த முடியல'ன்னா. கையைப் பிரிச்சு எடுத்தேன். வெளியில பூட்டுப் போட்டேன். அவ உள்ள இருந்து, 'இன்னொரு பூட்டும் போடு'ன்னா."

நான் நூலை அறுத்துச் சட்டையை அவரிடம் கொடுத்தேன்.

வந்த மறுநாளிலிருந்து தண்ணீர் தேடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அந்தத் தெருவில் கட்டடங்கள் நெருக்கமாக இருந்தன. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி பலகை போட்டுத் தாண்டலாம். கீழே இறங்க வேண்டியதில்லை. குழந்தையையும் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார். "என்னை விட்டு இருக்க மாட்டா," என்று காரணம் சொன்னார். அவர் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அனுபவசாலி, தொட்டியைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார் என்று நாங்கள் நம்பினோம்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீர் கொண்டுவர வேறு இரண்டு பேர் போனார்கள். அவர்கள் டிரம்மை இறக்கியதும் நான் ஒரு டம்ளர் மொண்டேன். பொடிசு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

"வேணாம் டெய்லர் அக்கா. இது அம்மா குடிச்ச தண்ணி."

என் உயிரைக் காப்பாற்றிய குழந்தை அது. நான் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? ஓடிப்போய் சூப்பர்வைசரிடம் சொன்னேன். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் காய்ச்சலோடு சுவரில் சாய்ந்திருந்த டேங்க்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அன்றிலிருந்து பொடிசு எல்லோருக்கும் சொத்து. சூப்பர்வைசர் அவளுக்கு வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுக் கொடுத்தார். பிஸ்கட்டில் முதல் பங்கு அவளுக்கு. வாசலில் கம்பியோடு ஒரு ஆள் காவல். நாலா பக்கமும் ஆட்கள் போய் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வரிசையாக வைத்தார்கள். ஒருநாள் ஆறு, ஒருநாள் பதினைந்து. பெரும்பாலும் கெட்டதுதான். அவள் ருசித்து, துப்பி, அடுத்ததற்குப் போவாள். நல்லது என்று தலையாட்டினால் கை தட்டுவோம். நானும் தட்டினேன்.

ஒரு மாதத்தில் அவள் நாக்கு நுனி சாம்பல் நிறமானது. உதடு வெடித்தது. தூங்கி எழுந்ததும் தண்ணீர் கேட்க ஆரம்பித்தாள். ஒரு டம்ளர் போதாமல் இன்னொன்று கேட்டாள்.

டேங்க்காரர் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மேலதிகாரியை எதிர்த்துப் பேசினார் என்று நினைக்கிறேன். குரல் நடுங்கியது.

"போதும் சார். துப்பினாலும் கொஞ்சம் உள்ள போகுது. அவளும் தாகத்துக்குப் போயிடுவா சார்."

"நாப்பத்திநாலு பேரு டேங்க்காரரே. ஒரு குழந்தை," என்றார் சூப்பர்வைசர். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியது. "வேற வழி ஏதாவது இருந்தா சொல்லுங்க. இப்பவே நிறுத்திடறேன்."

"ஒரு வாரம் கொடுங்க."

"டிரம்ல இருக்கற நல்ல தண்ணி ஒரு வாரத்துக்கு வரும். அவ்வளவுதான்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கே ஓடுவது? வெளியே போனாலும் இரண்டாம் நாள் ஏதோ ஒரு தண்ணீரை அவள் நாக்கில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது தப்பிக்கும் வழியல்ல. அந்த நாக்கு யாருக்குமே தேவைப்படாத ஒரு வழி.

பொடிசு எந்தத் தொட்டித் தண்ணீரைத் தள்ளினாள், எதை ஏற்றுக்கொண்டாள் என்று அவருக்கு ஒன்று விடாமல் நினைவிருந்தது. என்னிடமிருந்து தையல் சாக்பீஸ் இரண்டை வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு தொட்டியாக ஏறி, நல்லதில் வட்டமும் கெட்டதில் பெருக்கல் குறியும் போட்டு, மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டு மணிக்கணக்காகப் பார்த்தார். சிமெண்டா, பிளாஸ்டிக்கா? மழைத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? வெயில் படுகிறதா? ஒன்றும் பொருந்தவில்லை. நாலு நாள் போனது. சாப்பிடாமல் வந்து படுப்பார். "கண்ணு முன்னாலதான் இருக்கும்மா. எனக்குத்தான் தெரியல," என்பார்.

அவர் கேட்ட ஒரு வாரம் முடியுமுன்பே, ஐந்தாம் நாள், அவர் இல்லாத நேரத்தில் நாலு பாட்டில் வந்தது. பொடிசு முதலாவதை ருசித்தாள். இரண்டாவதை ருசித்தாள். நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"தெரியல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

நான் ஒரு கல் உப்பை எடுத்து அவள் நாக்கில் வைத்தேன். "இது என்னது?" என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "கல்லா?" என்றாள்.

கூடத்தில் இருந்த ஒருத்தி, மாமன் சொல்லிக்கொடுத்து நடிக்கிறாள் என்று கத்தினாள். சூப்பர்வைசர் குனிந்து, பொடிசின் தோளைப் பிடித்து, "விழுங்கிப் பாரு. விழுங்கினா தெரியும்," என்றார். பாட்டிலை அவள் வாயருகே கொண்டுபோனார். தண்ணீர் அவள் சட்டையில் சிந்தியது. நான் போய்ப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் உப்பு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது டேங்க்காரர் மாடிப்படியில் மூச்சிரைக்க வந்தார். கையில் பிளாஸ்டிக் வாளி.

"புழு சார்!" என்றார். "புழு!"

வாளியை மேசைமேல் வைத்தார். மங்கலான தண்ணீரில் கொசுப்புழுக்கள் துள்ளித் துள்ளி மேலே வந்தன.

"வட்டம் போட்ட டேங்க் எல்லாத்துலயும் இது இருக்கு. பெருக்கல் போட்டதுல ஒண்ணுகூட இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு. புழுவுக்குப் பிடிக்காத தண்ணி சார் அது. இருபத்திரண்டு வருஷம் நான் இதைத்தான் மருந்து ஊத்திக் கொன்னேன். குழாயில புழு வருதுன்னு ஜனங்க என்னைத் திட்டும். இங்கயும் துணியில வடிகட்டிட்டுத்தான் கொண்டுவந்தேன். அதனால பாத்தும் எனக்குப் புரியல."

எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. புழு இருந்தால் அருவருப்பில் கொட்டிவிட்டு, தெளிவாக இருந்ததைத்தான் தேடித் தேடிக் கொண்டுவந்து அந்தக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறோம்.

"சொல்றது சரியா இருந்தா நல்லதுதான்," என்றார் சூப்பர்வைசர். "தப்பா இருந்தா? யாரு குடிச்சுப் பாக்கறது?"

டேங்க்காரர் அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் தரையில் கொட்டினார். வாளியில் மக்கை விட்டு மொண்டு, புழுவோடு சேர்த்து மூச்சு விடாமல் குடித்தார். இன்னொரு மக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "மூணு நாள் என்னைப் பூட்டி வைங்க. அதுவரைக்கும் குழந்தை வாயில சொட்டுத் தண்ணி வைக்கக் கூடாது, டிரம்ல இருக்கறதைத் தவிர," என்றார். அவர் குரல் அப்போது நடுங்கவில்லை.

பொத்தானும் நூலும் வைக்கும் ஸ்டோர் ரூமில் வாளியோடு அவரைப் பூட்டினோம். ஜன்னல் இல்லாத அறை; மேலே தகரக் கூரை. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டேன். பொடிசு என் மடியில் படுத்துக்கொண்டாள். முதல் நாள் கதவு வழியாகவே பேசினோம்.

"அண்ணா, நான்தான் சொன்னேன், பொடிசைப் பத்தி," என்றேன்.

"தெரியும்மா."

"திட்டுங்க."

"என்னத்தைத் திட்டறது? உங்க இடத்துல இருந்தா நானும் சொல்லியிருப்பேன். ஆனா கொஞ்சம் மெதுவா போயிச் சொல்லியிருக்கலாம். ஓடினீங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருந்துச்சு," என்றார்.

மூன்றாம் நாள் பகலில் வெயில் கொளுத்தியது. உள்ளே மக் வாளியில் இடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். அதற்குப் பிறகு மறுபடியும். எண்ணிக்கொண்டே வந்தேன், பத்தாவது தடவை சூப்பர்வைசர் வந்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் நாலு பேர். ஒருவர் கையில் இரும்புக் கம்பி.

"தாகம் வந்துடுச்சு," என்றார் சூப்பர்வைசர், ரொம்பத் தாழ்ந்த குரலில். "குழந்தையைக் கூட்டிட்டுப் போம்மா."

நான் கதவைத் தட்டினேன். "அண்ணா! எதுக்கு இவ்வளவு குடிக்கறீங்க?"

"வேகுதும்மா உள்ள. எரியற அடுப்பு மாதிரி இருக்கு."

"தாகக்காரங்களும் இதைத்தான் சொல்லுவாங்க," என்றார் கம்பி வைத்திருந்தவர்.

பொடிசு எழுந்து கதவின் கீழ் இடுக்கில் வாயை வைத்தாள். "மாமா, உனக்கு வேர்க்குதா?"

உள்ளே ஏதோ உரசும் சத்தம். கதவின் கீழ் வழியாக அவருடைய பனியன் மெல்ல மெல்ல வெளியே வந்தது. சூப்பர்வைசர் குனிந்து அதை எடுத்தார். முறுக்கினார். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அவர் அதை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். வியர்வை நாற்றம்! அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, பனியனை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி அழுதார்.

அதற்குப் பிறகு பொடிசை யாரும் தண்ணீர் பக்கம் கூப்பிடவில்லை. அவளுடைய தாகம் மெல்லக் குறைந்தது. உதடு ஆறியது. நாக்கு மட்டும் திரும்பவில்லை. வாசலில் நின்ற காவலும், பிஸ்கட்டில் முதல் பங்கும் போயின. டேங்க்காரருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். "இப்போ இவளைத் திருடிட்டுப் போறவனுக்கு நஷ்டம்தான்," என்பார்.

ஆனால் புதிதாக எந்தத் தொட்டியைத் திறந்தாலும் முதல் மடக்கு அவர்தான் குடிப்பார். புழு இருந்தாலும் குடித்துவிட்டு மூன்று நாள் தனியாக இருப்பார். மற்றவர்கள் முறை போட்டுக்கொள்ளலாம் என்றபோது, "உங்களுக்கெல்லாம் புழுவை முழுங்கத் தெரியாது," என்று தட்டிக்கழித்தார்.

பத்து மாதம் அப்படிப் போனது. பதினோராம் மாதம் எதிர்க் கட்டடத்துத் தொட்டி. புழு துள்ளியது. குடித்தார். மூன்றாம் நாள் காலையில் எதிர் மொட்டைமாடியிலிருந்து என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நானும் பொடிசும் ஓடினோம். நடுவில் இரண்டு ஆள் நீளத்துக்குப் பலகை. அவர் அந்தப் பக்கமே நின்றார். வெயிலில் நின்றும் முகம் உலர்ந்து, தோல் இழுத்துக்கொண்டிருந்தது.

"வேர்க்கல," என்றார்.

நான் பொடிசின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லாக் கேட்டுக்கங்கம்மா. அந்த டேங்கை மறுபடி போய்ப் பாத்தேன். புழுவெல்லாம் செத்து அடியில கிடக்கு. பக்கத்துல ஒரு உடைஞ்ச தொட்டி இருக்கு, மழையில அது வழிஞ்சு புழு இதுல வந்து விழுந்திருக்கு. அங்க பொறந்தது, இங்க வந்து சாக நேரமாகல, அதுக்குள்ள நான் குடிச்சுட்டேன். இனிமே புழுவைப் பாத்ததும் குடிக்கக் கூடாது. வாளியில மொண்டு வச்சு ரெண்டு நாள் பாருங்க. உயிரோட இருந்தா குடிங்க. யாரும் முதல்ல குடிச்சுப் பாக்க வேண்டியதில்ல." மூச்சு வாங்கினார். "எவ்வளவு சுலபம் பாருங்க. எனக்குத் தோணவே இல்ல."

பிறகு குனிந்து பலகையின் நுனியைத் தூக்கித் தள்ளினார். அது கீழே தெருவில் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்குக் கீழே சில முகங்கள் நிமிர்ந்தன.

"மாமா, வா," என்றாள் பொடிசு.

"எப்படிடா வரது? பலகை விழுந்துடுச்சே."

"நீதான் தள்ளின. நான் பாத்தேன்."

அவர் அவளை நேராகப் பார்த்தார். "ஆமா. நான்தான் தள்ளினேன்," என்றார். திரும்பி, அந்தக் கட்டடத்து மாடிப்படிக் கதவுக்குள் போய் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டார். பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது.

பொடிசு அழவில்லை. ஆறு நாள் யாரிடமும் பேசவில்லை. ஏழாம் நாள் என் போர்வைக்குள் வந்து படுத்தாள். அதற்குப் பிறகு என்னோடுதான் இருக்கிறாள்.

இப்போது நாங்கள் முப்பத்தொன்பது பேர். குறைந்த ஐந்து பேரில் அவருக்குப் பிறகு தண்ணீரால் போனவர் யாருமில்லை. பிஸ்கட் தீர்ந்துபோய் நாளாகிவிட்டது. மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடிக்கிறோம். மழை தள்ளிப்போகிறது. தொட்டிகளில் அரை முழம்தான் இருக்கிறது. அடுத்த மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பொடிசுக்கு எட்டு வயது. உப்பு, இனிப்பு எதுவும் தெரியாது. சமையலில் குறை சொல்லாத ஒரே ஆள் அவள்தான். முன்பற்கள் விழுந்து முளைத்துவிட்டன. போன வாரம், நான் ஒளித்து வைத்திருந்த கடைசிக் கெட்டித் துணியை எடுத்துப் பொம்மைக்குத் தொப்பி வெட்டிவிட்டாள். முதுகில் ஒன்று வைத்தேன். கோபித்துக்கொண்டு தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் வந்து கெஞ்சியும் வரவில்லை. கூழ் காய்ச்சி இறக்கிய பிறகு அவளே வந்து, யாரையும் பார்க்காமல், தட்டை நீட்டினாள்.